சுற்றுலாப் பயணியின் உந்துதல், இடத்தேர்வு, மனநிறைவு

சுற்றுலாப் பயணியின் உந்துதல், இடத்தேர்வு, மனநிறைவு ஆகியவை சுற்றுலாவியலில் மிகுதியாக ஆராயப்பட்டுவரும் மூன்று பொருள்கள் ஆகும். மக்கள் ஏன் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள், அவ்வாறு புறப்படுபவர்கள் பல ஊர்களுள் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், போய் வந்தபின் அந்தப் பயணத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பவை இவற்றின் அடிப்படைக் கேள்விகள். உளவியல், சமூகவியல், சந்தையியல் ஆகிய துறைகளிடமிருந்து கருத்துகளைக் கடன் வாங்கி, 1970களில் இது தனி ஆய்வுத் துறையாக உருப்பெற்றது.

நாட்டு எல்லையைத் தாண்டிச் செல்லும் பயணிகளின் வருகை 1950இல் உலகளவில் ஏறத்தாழ 2.5 கோடியாக இருந்தது. 2019இல் அது ஏறத்தாழ 146 கோடியை எட்டியது. இவ்வளவு பெரிய தொழிலை நடத்துபவர்களுக்கு இந்த ஆய்வுகளில் இருக்கும் அக்கறை எளிதில் புரியக்கூடியது. மனநிறைவோடு திரும்பிச் செல்பவர் நாலு பேரிடம் சொல்வார், அவரும் மீண்டும் வருவார் என்பது தங்கும் விடுதி நடத்துபவரிலிருந்து அரசின் சுற்றுலாத் துறை வரை எல்லோரும் நம்பும் செய்தி. அரை நூற்றாண்டு ஆய்வுகள் இந்த நம்பிக்கையின் முதல் பாதியைப் பெரும்பாலும் ஆதரிக்கின்றன. இரண்டாம் பாதி அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

ஏன் புறப்படுகிறார்கள்

கரீபியன் தீவான பார்படோசுக்கு வந்த பயணிகளிடம் நேர்காணல் நடத்தி, சமூகவியலாளர் கிரஹாம் டான் 1977இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. பயணத்துக்கான காரணங்களை அவர் இரண்டாகப் பிரித்தார். வீட்டிலிருந்து மனிதரைத் தள்ளிவிடுபவை உந்து காரணிகள். ஓர் ஊர் தன் பக்கம் இழுப்பவை ஈர்ப்புக் காரணிகள். வேலைச் சலிப்பு, தனிமை, ஓய்வின் தேவை போன்றவை முதல் வகை. கடற்கரை, வெயில், மலை, கோட்டை, குறைந்த செலவு போன்றவை இரண்டாம் வகை. "ஏன் போனீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலோர் ஈர்ப்புக் காரணியையே சொல்வார்கள். ஆனால், கடற்கரை எங்கும் இருக்க, ஒருவர் இந்த ஆண்டு இந்த மாதம் ஏன் புறப்பட்டார் என்பதற்குக் கடற்கரை விடையாகாது. தள்ளுவது முதலில் நடக்கிறது, இழுப்பது அதன்பின் என்பது டானின் வாதம்.

தள்ளும் விசைகளுள் இரண்டை அவர் முதன்மையாகக் கண்டார். ஒன்று, பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் பயன்படுத்திய கருத்தின் வழியில் வரும் நெறியிழப்பு நிலை: சுற்றியுள்ள சமூகத்தோடு ஒட்டும் உறவும் பொருளிழந்து, பேசுவதற்கு ஆள் தேடி வெளியேற நினைக்கும் மனநிலை. மற்றொன்று, தன்மதிப்பை உயர்த்திக்கொள்ளும் ஆசை: உள்ளூரில் கிடைக்காத மதிப்பு, தன்னை யாரென்று அறியாத ஊரில் கிடைக்கும், திரும்பி வந்து சொல்லும்போது மறுபடியும் கிடைக்கும். டானின் மாதிரியில் முதல் வகையினர் பெரும்பாலும் அத்தீவுக்கு மீண்டும் வந்தவர்களாகவும், இரண்டாம் வகையினர் முதன்முறை வந்தவர்களாகவும் இருந்தனர். இச்செய்தி பாடநூல்களில் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. ஆனால் மறுவருகை பற்றிய பிற்கால ஆய்வுகளைப் புரிந்துகொள்ள இது மிகவும் உதவும். பழக்கப்பட்ட முகங்களை நாடுபவர் அதே ஊருக்குத் திரும்ப வருவதில் பொருள் உண்டு. ஊர் திரும்பிப் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்பவருக்கோ, ஏற்கெனவே சொல்லி முடித்த ஊர் பயன்படாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஜான் கிராம்ப்டன் 39 பேரிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தி ஒன்பது உந்துதல்களைப் பட்டியலிட்டார். அன்றாடச் சூழலிலிருந்து தப்புதல், தன்னைத் தானே ஆராய்தல், ஓய்வு, கௌரவம், குழந்தைத்தனமாக நடந்துகொள்ளும் விடுதலை, குடும்ப உறவை வலுப்படுத்தல், புதியவர்களோடு பழகுதல் ஆகிய ஏழும் மனம் சார்ந்தவை; ஊர் எதுவாக இருந்தாலும் நிறைவேறக்கூடியவை. புதுமை, கல்வி ஆகிய இரண்டு மட்டுமே ஊரின் தன்மையைச் சார்ந்தவை. 39 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் ஆயிரம் பேரிடம் கட்டம் கட்டமாகக் குறியிடச் சொல்லும் வினாத்தாள்களைவிட, பொறுமையாகக் கேட்ட அந்த நேர்காணல்கள் நீண்ட காலம் நிலைத்திருக்கின்றன.

இதே காலத்தில் புகழ்பெற்ற மற்றொரு கருத்து, ஸ்டான்லி பிளாக் என்பவர் 1974இல் வெளியிட்டது. பழகிய சூழலையே விரும்பும் தயக்கக்காரர்கள் ஒரு முனையிலும், யாரும் போகாத இடத்தைத் தேடும் துணிச்சல்காரர்கள் மறுமுனையிலுமாக மக்களை அவர் வரிசைப்படுத்தினார். துணிச்சல்காரர்கள் ஓர் ஊரைக் கண்டுபிடிக்க, கூட்டம் பின்தொடர, அவர்கள் அங்கிருந்து நகர்ந்துவிடுகிறார்கள் என்பது அவர் விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இக்கருத்தை ஏழு நாட்டுத் தரவுகளைக்கொண்டு 1990இல் ஸ்டீபன் ஸ்மித் சோதித்தபோது, ஆளின் வகைக்கும் அவர் தேர்ந்த இடத்துக்கும் எதிர்பார்த்த தொடர்பு கிடைக்கவில்லை. பிளாக் இதற்கு மறுப்பு எழுதினார். காசும் விடுமுறை நாள்களும் குறைவாக உள்ள துணிச்சல்காரர் பக்கத்து ஊருக்குத்தான் போக முடியும் என்பதை மறந்துவிட்டால் இந்த வரிசை பயன் தராது.

உந்துதலைக் கேட்டு அறிவதிலேயே ஒரு சிக்கல் இருப்பதை டான் 1981இல் மீண்டும் எழுதிச் சுட்டிக்காட்டினார். பயணி தன் உண்மைக் காரணத்தை எண்ணிப் பார்க்க விரும்பாமல் இருக்கலாம். எண்ணிப் பார்க்க இயலாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். சொல்ல விரும்பியும் சொல் கிடைக்காமல் இருக்கலாம். பக்கத்து வீட்டார் போய்வந்தார்கள் என்பதற்காகப் போனேன் என்று எந்த வினாத்தாளில் யார் குறிப்பார்?

எங்கே போவது

இடத்தேர்வு பற்றிய ஆய்வுகள் சந்தையியலில் இருந்து வந்தவை. சோப்பு வாங்குபவர் கடையில் உள்ள எல்லாச் சோப்பையும் ஒப்பிடுவதில்லை என்பது போலவே, பயணியும் உலகிலுள்ள எல்லா ஊர்களையும் எடை போடுவதில்லை. உட்சைட், லைசான்ஸ்கி ஆகியோர் 1989இல் வகுத்த மாதிரியில் ஊர்கள் ஒருவர் மனத்தில் நான்கு தொகுப்புகளாக நிற்கின்றன. போகலாமா என்று உண்மையாகவே யோசிக்கப்படும் சில ஊர்கள்; வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவை; கேள்விப்பட்டிருந்தும் விருப்பமோ வெறுப்போ தோன்றாதவை; ஆசை இருந்தும் காசு, விசா, உடல்நிலை போன்ற தடைகளால் எட்டாதவை. யோசிக்கப்படும் முதல் தொகுப்பில் ஒருசில ஊர்களே இடம்பெறும். ஓர் ஊர் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டால் அதற்கு மருந்து ஒன்று. எந்த எண்ணமும் இல்லாமல் கிடந்தால் அதற்கு மருந்து வேறு. விளம்பரத்துக்குச் செலவிடும் அரசுகள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மனத்தில் ஊரின் படிமம் எப்படி உருவாகிறது என்பதை அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளேர் கன் 1972இல் விளக்கினார். பள்ளிப் பாடம், செய்தித்தாள், திரைப்படம், உறவினர் பேச்சு ஆகியவற்றால் தானாகப் படிவது ஒரு வகை. விளம்பரத்தால் படியவைக்கப்படுவது இன்னொரு வகை. முன்னதை மாற்றுவது மிகக் கடினம். ஒரு கலவரச் செய்தி அல்லது ஒரு நிலச்சரிவுப் படம், பல ஆண்டு விளம்பரத்தை ஒரு வாரத்தில் அழித்துவிடும்.

குடும்பமாகச் செல்லும்போது தேர்வு இன்னும் சிக்கலாகிறது. பள்ளி விடுமுறை எப்போது என்பது நாளை முடிவு செய்கிறது. பாட்டியின் முழங்கால் வலி மலையேற்றத்தைத் தள்ளிவைக்கிறது. யாரோ ஒருவர் கையில் பணம் இருக்கிறது. ஆய்வு மாதிரிகள் பெரும்பாலும் தனி ஒருவரின் தலைக்குள் நடப்பதையே வரைகின்றன.

மனநிறைவை அளத்தல்

மனநிறைவுக்கு இன்றும் பரவலாக வழங்கும் விளக்கம், ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் நுகர்வோரைப் பற்றிச் சொன்னது. எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் மனம் ஒப்பிடுகிறது. கிடைத்தது கூடுதல் என்றால் நிறைவு. குறைவு என்றால் ஏமாற்றம். இதன்படி, ஒரே விடுதியில் ஒரே இரவு தங்கிய இருவரில் ஒருவர் மகிழ்ச்சியோடும் மற்றவர் எரிச்சலோடும் புறப்படலாம். விளம்பரத்தில் மிகையாகச் சொல்வது, கூட்டத்தைக் கொண்டுவரும் அதே வேளையில் ஏமாற்றத்துக்கும் வழி வகுக்கிறது.

இந்த ஒப்பீட்டை எண்களாக்கிய கருவி சர்வ்குவால். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்ற பரசுராமன், ஜைத்தாமல், பெர்ரி ஆகியோருடன் இணைந்து 1988இல் இதனை வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியும் வசதிகள், நம்பகத்தன்மை, உடனுக்குடன் உதவுதல், உறுதியளிக்கும் திறன், பரிவு ஆகிய ஐந்து கூறுகளின் கீழ் 22 கூற்றுகள் உண்டு. அவற்றை எதிர்பார்ப்புக்கு ஒருமுறையும் அனுபவத்துக்கு ஒருமுறையும் கேட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். ஆனால் களத்தில், பயணம் முடிந்தபின்தான் இரண்டும் சேர்த்துக் கேட்கப்படுகின்றன. முடிந்த பயணத்தைப் பற்றி முன்பு என்ன எதிர்பார்த்தோம் என்று நினைவுகூர்ந்து சொல்வது, நடந்ததை வைத்து எதிர்பார்ப்பைத் திருத்தி எழுதுவதாகவே முடியும். அனுபவத்தை மட்டும் கேட்டால் போதும் என்று கிரோனின், டெய்லர் ஆகியோர் 1992இல் வாதிட்டதற்குப் பின் பலரும் அதையே பின்பற்றுகின்றனர்.

சுற்றுலாத் தலத்துக்கு இக்கருவிகளைப் பொருத்துவதில் தனிச் சிரமம் உண்டு. தலம் என்பது ஒரு பொருள் அன்று. பல கைகளில் சிதறிக் கிடக்கும் சேவைகளின் கூட்டு. ஆபிரகாம் பைசாமும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேப் காட் கடற்கரைப் பகுதியில் நடத்தி 1978இல் வெளியிட்ட ஆய்வு இதை முதலில் தெளிவுபடுத்தியவற்றுள் ஒன்று. கடற்கரை, செலவு, விருந்தோம்பல், உணவு, தங்குமிடம், முகாம் வசதி, சுற்றுச்சூழல், வணிகமயமான அளவு என எட்டுக் காரணிகளாக மனநிறைவு பிரிந்தது. ஒன்றில் ஏற்படும் மனக்கசப்பு மற்றவற்றின் மீதும் படியும் என்பதையும் அவர்கள் எடுத்துரைத்தனர். ஆட்டோ ஓட்டுநர் கூடுதலாகக் கேட்ட ஐம்பது ரூபாய், அருங்காட்சியகத்தின் மதிப்பெண்ணையும் குறைத்துவிடும். அந்த அருங்காட்சியகத்தின் காப்பாளர் என்ன செய்ய முடியும்?

நினைவின் பங்கு

மனநிறைவு எப்போது கேட்கப்படுகிறது என்பது, என்ன கேட்கப்படுகிறது என்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. 1997இல் மிட்செல் குழுவினர், ஐரோப்பியச் சுற்றுப்பயணம், கலிபோர்னியாவில் மிதிவண்டிப் பயணம் போன்றவற்றில் கலந்துகொண்டவர்களிடம் முன்னும் இடையிலும் பின்னும் கேட்டறிந்தனர். முன்பு எதிர்பார்த்த அளவுக்கும் பின்பு நினைவுகூர்ந்த அளவுக்கும் இடைப்பட்ட நாள்கள் இனிக்கவில்லை. மழையும் களைப்பும் சில நாள்களிலேயே நினைவிலிருந்து கரைந்துபோயின.

2003இல் வெளியான விர்ட்ஸ் குழுவினரின் ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. வசந்த கால விடுமுறைக்குச் சென்ற அமெரிக்க மாணவர்களின் கையில் சிறு கணினிக் கருவிகளைக் கொடுத்து, விடுமுறையின்போதே அவ்வப்போது உணர்வுகளைப் பதியவைத்தனர். இதே போன்ற விடுமுறைக்கு மீண்டும் செல்ல விருப்பமா என்ற கேள்விக்கு வந்த விடையைத் தீர்மானித்தது, அந்த நேரங்களில் உணர்ந்த இன்பம் அன்று. பின்னர் நினைவில் தங்கிய இன்பமே. விமான நிலையத்தில் நிரப்பப்படும் கருத்துப் படிவம், களைப்பும் பயண அலுப்பும் மிகுந்த ஒரு நேரத்தைப் பதிவு செய்கிறது. அடுத்த பயணத்தை முடிவு செய்யப்போகும் நினைவோ அதற்குப் பின்னர்தான் உருவாகிறது.

நெதர்லாந்தில் 1,530 பேரைக்கொண்டு நவைன் குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைக்குச் செல்ல இருந்தவர்கள் செல்லாதவர்களைவிடப் பயணத்துக்கு முன் மகிழ்ச்சியாக இருந்தனர். திரும்பியபின் பெரும்பாலோரிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. மிகவும் ஓய்வாகக் கழித்ததாகச் சொன்னவர்களிடம் மட்டுமே எஞ்சியிருந்தது.

நிறைவடைந்தவர் திரும்பி வருவாரா

மீண்டும் வருபவர்கள் ஏன் வருகிறார்கள் என்பதை கிட்டெல்சன், கிராம்ப்டன் இருவரும் 1984இல் ஆராய்ந்தனர். புதிய இடத்தில் ஏமாறும் அபாயம் குறைவு, ஒத்த மனிதர்களைச் சந்திக்கலாம் என்ற உறுதி, இடத்தின்மேல் கொண்ட பற்று, முன்பு விட்டுப்போனதைப் பார்க்கும் எண்ணம், தாம் கண்டதைப் பிறருக்குக் காட்டும் ஆசை என ஐந்து காரணங்கள் கிடைத்தன. இவற்றுள் மனநிறைவின் அளவு நேரடியாக இல்லை. அபாயத்துக்கு அஞ்சி ஓரளவே பிடித்த இடத்துக்குத் திரும்ப வருவோர் உண்டு. மிக உயர்ந்த நிறைவோடு போய், வாழ்நாளில் மறுபடி வராதவரும் உண்டு. தாஜ்மகாலைப் பார்த்து உருகிப்போன வெளிநாட்டவர் அடுத்த ஆண்டு பெருவுக்குச் செல்வதில் வியப்பில்லை. அவர் தேடுவது புதுமை.

யூன், உய்சல் இருவரும் வட சைப்ரசில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், உந்து காரணிகள் நேரடியாகவே பயணியின் பற்றுதலோடு தொடர்புற்றிருந்தன. மனநிறைவும் பற்றுதலை வளர்த்தது. ஆனால் ஈர்ப்புக் காரணிகளால் மிகுதியாக இழுக்கப்பட்டவர்களிடம் மனநிறைவு குறைந்தே காணப்பட்டது. படத்தில் பார்த்த கடற்கரையை நம்பி வந்தவருக்கு நேரில் பார்த்த கடற்கரை போதவில்லை என்று இதை ஆலிவரின் வழியில் புரிந்துகொள்ளலாம்.

யாத்திரை என்னும் விதிவிலக்கு

மேற்கண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை வட அமெரிக்க, ஐரோப்பியக் கடற்கரை விடுமுறைகளிலிருந்து பிறந்தவை. இந்திய உள்நாட்டுச் சுற்றுலாவின் பெரும்பகுதி அப்படிப்பட்டதன்று. ஒன்றியச் சுற்றுலா அமைச்சகத்தின் கணக்கில் 2014 முதல் 2016 வரை உள்நாட்டுப் பயணிகள் வருகையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. இக்கணக்கு ஆள்களை அல்ல, வருகைகளை எண்ணுவது. கோயில் நகரங்களுக்கு வருவோர் இதில் பெரும் பங்கு வகிக்கின்றனர்.

குழந்தைக்கு முதல் முடி இறக்கக் குலதெய்வம் கோயிலுக்குச் செல்லும் குடும்பத்துக்கு இடத்தேர்வுத் தொகுப்பில் ஓர் ஊர்தான் இருக்கும். அங்கே அவர்களைத் தள்ளுவது சலிப்பு அன்று, நேர்த்திக்கடன். தைப்பூசத்துக்குப் பழனி நோக்கிப் பல நாள் வெறுங்காலில் நடப்பவரிடம் சர்வ்குவால் வினாத்தாளை நீட்டினால், கால் கொப்புளம் குறைபாட்டுப் பட்டியலில் ஏறும். அவருக்கோ அதுவே காணிக்கை. வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நடந்து செல்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் இதைச் சாக்காக வைத்து, பக்தர்கள் எதையும் தாங்குவார்கள் என்று கழிப்பறை இல்லாமல் விட்டுவிடுவது வேறு கதை. தானாக ஏற்ற சிரமத்தையும் நிர்வாகம் சுமத்திய சிரமத்தையும் பிரித்துக் கேட்கும் வினாத்தாள் இங்கே தேவைப்படுகிறது.

யாருடைய மனநிறைவு

டான் ஆராய்ந்த அதே பார்படோசை அதே காலத்தில் ஜார்ஜ் டாக்ஸி என்பவர் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தார். பார்படோசிலும் கனடாவின் நயாகரா ஆன் த லேக் ஊரிலும் கண்டவற்றைக்கொண்டு, 1975இல் அவர் உள்ளூர் மக்களின் மனநிலையை நான்கு படிகளாக விளக்கினார்: தொடக்க மகிழ்ச்சி, பாராமுகம், எரிச்சல், பகை. ஊரார் எல்லோரும் ஒரே படியில் நிற்பதில்லை, கடை வைத்திருப்பவரும் தண்ணீருக்குக் காத்திருப்பவரும் ஒன்றல்ல என்று இதைக் குறை கூறியவர்கள் உண்டு. அந்தக் குறை சரியானதே. ஆயினும், வருபவர் மனநிறைவு உயர்ந்துகொண்டே போக, இருப்பவர் மனநிறைவு இறங்கிக்கொண்டே போகலாம் என்பதை அவர் மறக்க முடியாதபடி காட்டினார்.

இத்தாலியின் வெனிஸ் நகரம், ஒரு நாள் மட்டும் வந்து செல்பவர்களிடம் குறிப்பிட்ட நாள்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையை 2024 ஏப்ரல் 25இல் தொடங்கியது. அதே ஆண்டு மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமானது. இந்த இரண்டு முடிவுகளிலும் எழுந்த கேள்வி பயணி நிறைவடைந்தாரா என்பதன்று, ஊர் எத்தனை பேரைத் தாங்கும் என்பதே.

மாணவர் ஆய்வுகளில் கவனிக்க வேண்டியவை

கல்லூரித் திட்டக் கட்டுரைகளுக்காக அருகிலுள்ள தலத்தில் நூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்து மனநிறைவை அளப்பது பரவலான வழக்கம். இதில் இரண்டு பிழைகள் எளிதில் நுழைந்துவிடுகின்றன. ஒன்று, தலத்தில் நிற்பவர்களிடம் மட்டும் இடத்தேர்வு பற்றிக் கேட்பது. அந்தத் தலத்தை யோசித்துவிட்டு வேறிடம் சென்றவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். வெறுத்து வராமல் நின்றவர்களும் இருக்கமாட்டார்கள். வந்தவர்களை மட்டும் கேட்டு ஈர்ப்புக் காரணிகளைப் பட்டியலிடுவது, தேர்வில் வென்றவர்களை மட்டும் கேட்டு வினாத்தாள் எளிது என்று முடிவு செய்வதைப் போன்றது. பேருந்து நிலையத்திலோ குடியிருப்புப் பகுதியிலோ, விடுமுறைக்கு எங்கும் போகாதவர்களையும் சேர்த்துக் கேட்டால் படம் மாறும்.

மற்றொன்று, "மீண்டும் வருவீர்களா?" என்ற கேள்விக்கான விடையை மறுவருகையாகவே கணக்கிடுவது. எதிரில் நிற்கும் மாணவரிடம் "வரமாட்டேன்" என்று சொல்லப் பலருக்கும் மனம் வராது. இசைவு தருவோரிடம் மட்டும் தொடர்பு எண்ணைப் பெற்று, ஓராண்டுக்குப் பின் அழைத்து, இடையில் எங்கெங்கே சென்றீர்கள், அந்த ஊரை யாருக்காவது பரிந்துரைத்தீர்களா என்று கேட்டால், முப்பது பேரே விடை சொன்னாலும் அதிலிருந்து கிடைப்பது நடந்த செய்தியாக இருக்கும்.